ஸ்கீ உடுப்பைத் தோய்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோய்த்தால் தண்ணீர் தாங்காமல் போய்விடும் என்ற பயத்தில் ஸ்கீ ஜக்கெட்டுக்கு மூன்று நான்கு குளிர்காலம் சவர்க்காரமே காட்டாத வீடுகள் நிறைய. கொலர் கறுத்து, கை நுனி பளபளத்து, கடைசியில் "இது பழசாகிவிட்டது, ஈரம் உள்ளே வருகிறது" என்று சொல்லி இன்னொன்று வாங்குவார்கள். அப்படித் தூக்கிப் போடும் பல ஜக்கெட்டுகளுக்குத் தேவைப்பட்டது ஒரு தோய்ச்சலும் இருபது நிமிடச் சூடும்தான். சுவிஸில் பள்ளிக்கூட ஸ்கீ முகாமும் பெப்ரவரி விடுமுறையும் முடிந்த கையோடு எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நோர்வே, கனடாவில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தோய்த்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடாதா?

போகாது. தண்ணீரைத் தடுக்கும் வேலை ஜக்கெட்டில் இரண்டு இடத்தில் நடக்கிறது, இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். வெளித்துணியின் உட்புறமாக மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும்; உண்மையான தடுப்பு அதுதான். கோர்டெக்ஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த சவ்வு 1969இல் அமெரிக்காவில் பிறந்தது. பொப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லோன் கம்பியை மெதுவாக இழுத்து இழுத்து அலுத்துப்போய், ஒரே வெட்டாக இழுத்துப் பார்த்தார். அறுந்துவிடும் என்று நினைத்த கம்பி நுண்துளைகளோடு பல மடங்கு நீண்டது. அந்தத் துளைக்குள் தண்ணீர்த் துளி நுழையாது, கோர் நிறுவனம் சொல்லும் கணக்கில் துளியைவிட 20,000 மடங்கு சிறியது. ஆனால் வியர்வை ஆவி வெளியே போக அது தாராளம். முறையாகத் தோய்த்தால் சவ்வுக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாவது, வெளித்துணியின் மேலே உள்ள நீர் ஒட்டாப் பூச்சு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுவது இதனால்தான். வியர்வை உப்பு, முகத்தில் பூசும் சன்ஸ்கிரீன், தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், குசினிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டதால் படிந்த பொரியல் புகை எல்லாம் சேர்ந்து இந்தப் பூச்சை மூடிவிடும். பூச்சு அங்கேயே இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

ஆனால் உள்ளே நனைகிறதே, சவ்வில் ஓட்டை இல்லையா?

பெரும்பாலும் இல்லை, அது உங்கள் வியர்வை. வெளித்துணி தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிட்டால் ஆவி வெளியே போக வழி இல்லை, அப்புறம் அது உள்ளேயே குளிர்ந்து நீராகி முதுகில் ஒட்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு கைத் தண்ணீர் போதும். ஜக்கெட்டை மேசையில் விரித்து, தோள்மூட்டிலும் முன்கையிலும் கொஞ்சம் தெளியுங்கள். உருண்டையாக நின்று, சாய்த்தவுடன் ஓடி விழுந்தால் நல்லது. துளி தட்டையாகப் பரவி, துணியின் நிறம் அந்த இடத்தில் இருண்டுபோனால் தோய்க்கும் நேரம் வந்துவிட்டது. முதுகுப் பை வார் உரசும் தோளும், ஸ்கீயைத் தூக்கி வைக்கும் தோளும்தான் முதலில் இருளும்.

காற்சட்டையில் இருக்கைப் பகுதி மட்டும் நனைவது வேறு கதை. நாற்காலி லிப்டில் ஈரப் பனியின் மேல் முழுப் பாரத்தோடு உட்காரும்போது அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். லேபலில் 5,000, 10,000, 20,000 மில்லிமீட்டர் என்று இருப்பது இந்த அழுத்தக் கணக்குத்தான்: 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நிரலை அந்தத் துணி தாங்கும். மலிவான 5,000 காற்சட்டை லிப்டில் கசிந்தால் எத்தனை தரம் தோய்த்தும் பயனில்லை, அதன் அளவு அவ்வளவுதான்.

எத்தனை நாளைக்கு ஒருக்கா தோய்க்கலாம்?

ஒவ்வொரு நாள் ஸ்கீக்குப் பிறகும் தோய்க்கத் தேவையில்லை, உதறிக் காயப்போட்டால் சரி. பத்துப் பன்னிரண்டு நாள் போட்ட பிறகு, அல்லது கொலர் கறுத்தவுடன், அல்லது மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையில் தோற்றவுடன் தோய்க்கலாம். சீசன் முடிந்து உள்ளே வைப்பதற்கு முன் கட்டாயம் ஒரு தரம். ஒரு வார முகாமுக்குப் போய்வந்த பிள்ளையின் உடுப்புக்குக் கணக்கெல்லாம் வேண்டாம், நேரே மெஷினுக்கு.

உள்ளே தைத்திருக்கும் லேபலில் என்ன பார்க்க வேண்டும்?

தண்ணீர்த் தொட்டி போன்ற குறிக்குள் இருக்கும் எண் வெப்பநிலை, ஸ்கீ உடுப்பில் பொதுவாக 30 அல்லது 40. தொட்டியின் கீழே கோடு இருந்தால் மென்மையான புரோகிராம். முக்கோணத்தில் வெட்டு என்றால் பிளீச் கூடாது. சதுரத்துக்குள் வட்டம் டிரையரைக் குறிக்கும்; உள்ளே ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, வெட்டியிருந்தால் டிரையர் பக்கமே போக வேண்டாம். இங்கே நான் சொல்வதற்கும் லேபலுக்கும் முரண் வந்தால் லேபலைக் கேளுங்கள்.

சாதாரண சவர்க்காரத் தூள் போடலாமா? சொஃப்ட்னர்?

தூள் வேண்டாம். முழுதாகக் கரையாமல் துணி இழைக்குள்ளும் தையலுக்குள்ளும் தங்கிவிடும். வாசனையும் நிறம் மினுக்கும் சரக்கும் இல்லாத திரவ சவர்க்காரம் கொஞ்சமாகப் போட்டு, அலசலை ஒன்று கூட்டி வைத்தால் அவசரத்துக்குப் போதும். கோர்டெக்ஸ்காரர்களே திரவ சவர்க்காரம் கொஞ்சம், அலசல் இரண்டு தரம் என்றுதான் சொல்கிறார்கள். விளையாட்டுக் கடைகளில் நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ், சுவிஸில் டோக்கோ என்று தனிச் சவர்க்காரம் விற்பார்கள், விலை கொஞ்சம் குத்தும். ஆனாலும் வருடத்துக்கு ஒரு போத்தல் வாங்கி வைப்பது நல்லது என்பேன். சவர்க்காரம் எதுவானாலும் அதன் வேலையே தண்ணீரைத் துணிக்குள் இழுத்துவிடுவதுதானே, சாதாரண சவர்க்காரம் மிச்சம் தங்கினால் ஜக்கெட்டை மெஷினிலிருந்து எடுத்த பிறகும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

சொஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். இழை மேல் மெல்லிய படலமாகப் படிந்துதான் அது துணியை மென்மையாக்குகிறது. அந்தப் படலம் நீர் ஒட்டாப் பூச்சை மூடும், ஆவி போகும் வழியையும் அடைக்கும்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. அடுக்குமாடியில் எல்லோருக்கும் பொதுவான தோய்க்கும் அறை என்றால், உங்களுக்கு முன்பு தோய்த்தவர் ஊற்றிய சொஃப்ட்னர் மெஷினின் சவர்க்கார இழுப்பறையில் பாதி மிச்சம் இருக்கும். இழுப்பறையை முழுதாகக் கழற்றுங்கள். பூப்படம் போட்ட சின்ன அறையின் அடியில் நீலமோ வெள்ளையோ ஒரு வழுவழுப்பு ஒட்டியிருந்தால் அதுதான். சுடுதண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மெஷினை வெறுமனே ஒரு அலசல் ஓடவிட்ட பிறகு ஜக்கெட்டைப் போடுங்கள். விலை கூடின சவர்க்காரம் வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் விட்டால் காசுதான் வீண்.

சரி, மெஷினில் எப்படிப் போடுவது?

முதலில் பொக்கெட் எல்லாம் தேடுங்கள். இடது கைப் பொக்கெட்டில் லிப்ட் கார்ட் இருக்கும், மார்புப் பொக்கெட்டில் உதட்டுக்குப் பூசும் மெழுகுக் குச்சி இருக்கும். அந்தக் குச்சி டிரையர் வரை போய் உருகினால் எண்ணெய்க் கறை உள்ளிருந்து வெளியே வரும், எடுப்பது பெரும்பாடு. பிறகு ஜிப் எல்லாவற்றையும் மூடி, வெல்க்ரோவை ஒட்டி (ஒட்டாமல் விட்டால் பக்கத்துத் துணியைப் பிய்க்கும்), இறுக்கும் கயிறுகளைத் தளர்த்திவிடுங்கள். பிரிக்கக்கூடிய ரோமக் கரை இருந்தால் கழற்றிவிடுங்கள். கொலரும் கை நுனியும் மிகவும் கறுத்திருந்தால் அந்தச் சவர்க்காரத்திலேயே இரண்டு துளி தொட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள்.

மெஷினை நிரப்பாதீர்கள். இரண்டு ஜக்கெட், அல்லது ஒரு ஜக்கெட்டும் ஒரு காற்சட்டையும் போதும். ஜீன்ஸ், துவாய் கூடவே கூடாது. 30 டிகிரி, மென்மையான புரோகிராம், கூடுதல் அலசல், சுழற்சி 600க்கு மேல் போக வேண்டாம். காரணம் இருக்கிறது: தண்ணீர் ஊடுருவாத துணி சுழலும்போது பை போல மடிந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேகத்தில் அந்தப் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து மெஷின் துள்ளும். மேலே திறக்கும் மெஷின்களில் இது இன்னும் ஆபத்து. அந்த மாதிரி மெஷினின் கையேட்டில் நீர் புகாத உடுப்பைப் போடாதே என்று இருந்தால் குளியல் தொட்டியில் கையால் தோய்த்து, முறுக்காமல் தொங்கவிட்டு நீர் வடிய விடுங்கள்.

எப்படிக் காயப்போடுவது? டிரையரில் போட்டால் உருகாதா?

லேபல் அனுமதித்தால் டிரையர்தான் நல்லது. இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தயங்குகிறார்கள். வெளித்துணியின் பூச்சில் உள்ள நுண்ணிய இழைகள் உரசலிலும் தோய்ச்சலிலும் படுத்துவிடும், சூடு பட்டால் மறுபடி எழுந்து நிற்கும். கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்துவிட்டு "தோய்த்தும் சரிவரவில்லை" என்று சொல்பவர்கள் தவறவிடுவது இந்தச் சூட்டைத்தான். காய்ந்த பிறகு, குறைந்த அல்லது நடுத்தரச் சூட்டில் இருபது நிமிடம் ஓடவிட்டால் போதும்.

டிரையர் இல்லையா? அயன் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் வைத்து, ஜக்கெட்டின் மேல் மெல்லிய துவாய் ஒன்றை விரித்து மெதுவாக ஓட்டுங்கள். நேரடியாக வைத்தால் நைலோன் பளபளவென்று உருகிவிடும், ஒட்டியிருக்கும் ரப்பர் எழுத்தும் பெட்டியோடு வரும். ஹீட்டரின் மேல் விரித்துப் போடுவது வேண்டாம். சூடு ஒரே இடத்தில் குவிந்து உள்பக்கத் தையலை மூடியிருக்கும் ஒட்டுநாடா கழன்றுவிடும்.

நீர் ஒட்டாப் பூச்சைப் புதுப்பிக்கும் ஸ்ப்ரே எப்போது அடிக்க வேண்டும்?

தோய்த்து, சூடு காட்டி, தண்ணீர் தெளித்துப் பார்த்து, அதற்குப் பிறகும் துளி பரவினால்தான். அழுக்கு ஜக்கெட்டின் மேல் ஸ்ப்ரே அடிப்பவர்கள் அழுக்கைத்தான் பாதுகாக்கிறார்கள்.

இரண்டு வகை உண்டு. ஒன்று மெஷினில் தண்ணீரோடு ஊற்றுவது, மற்றது ஸ்ப்ரே. உள்ளே பஞ்சோ லைனிங்கோ உள்ள ஸ்கீ ஜக்கெட்டுக்கு ஸ்ப்ரேதான் என் தேர்வு. மெஷினில் ஊற்றினால் உள்துணிக்கும் பூச்சு ஏறும், வியர்வையை உறிஞ்ச வேண்டிய துணி அதைத் தள்ளத் தொடங்கும். லைனிங் இல்லாத மெல்லிய மேல்ஜக்கெட்டுக்கு எதுவும் பரவாயில்லை. ஜக்கெட் ஈரமாக இருக்கும்போதே ஸ்ப்ரே அடிக்கலாம் என்றால் போத்தலில் எழுதியிருக்கும். தோள், ஹூட், முன்கை, இருக்கை, முழங்கால் இவற்றுக்குத் தாராளமாக அடித்து, இரண்டு நிமிடம் கழித்து வழிவதை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டு விழும்.

வெளியே நின்று அடியுங்கள். குளிர்கிறது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கக் கூடாது. 2002 கடைசியிலும் 2003 தொடக்கத்திலும் சுவிட்சர்லாந்தில் இப்படியான நீர் ஒட்டா ஸ்ப்ரேக்களை மூச்சில் இழுத்து நூறு பேருக்கு மேல் இருமலும் மூச்சுத்திணறலுமாக அவதிப்பட்டார்கள். சுவிஸில் நஞ்சு தொடர்பான அவசர எண் 145. பிள்ளைகளும் பூனையும் பக்கத்தில் வேண்டாம்.

புது ஜக்கெட் சீக்கிரம் நனைகிறது, பழையதே பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஏன்?

தோன்றுவது சரிதான். பழைய பூச்சுகள் புளோரின் சேர்ந்த இரசாயனங்கள், பொதுப்பெயர் பீஃபாஸ். அவை தண்ணீரை மட்டுமல்லாமல் எண்ணெயையும் தள்ளும், அதனால் அழுக்கு ஒட்டுவதே குறைவு. ஆனால் இவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் கிடந்து உடம்புக்குள்ளும் சேருவதால் ஒவ்வொன்றாகத் தடை வருகிறது. பிஃபோவா என்ற வகைக்கு 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்தும் பிரான்சில் 2026 தொடக்கத்திலிருந்தும் பெரும்பாலான உடுப்புகளில் பீஃபாஸ் கூடாது. போட்டிகளில் ஸ்கீக்கு அடியில் பூசும் புளோரின் மெழுகையும் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2023-24 சீசனிலிருந்து நிறுத்திவிட்டது. கோர்டெக்ஸும் 2022இல் பீஃபாஸ் இல்லாத புதுச் சவ்வுக்கு மாறத் தொடங்கியது.

புதுப் பூச்சுகள் தண்ணீரை நன்றாகத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. தலையெண்ணெய் பட்ட ஹூட், ரோல்ஸ் சாப்பிட்ட கையால் பிடித்த ஜிப் ஓரம் இதெல்லாம் முன்பைவிடச் சீக்கிரம் நனையும். ஆகவே புது ஜக்கெட்டைப் பழையதைவிட அடிக்கடி தோய்க்க வேண்டும். நல்ல மாற்றம்தான், வேலை கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

எண்ணெய்க்கறை, மஞ்சள் கறை, லிப்ட் கிரீஸ்?

எண்ணெய்க்கறைக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, விரலால் தடவி ஐந்து நிமிடம் விட்டு, நுரை வராத வரை அலசிவிட்டுப் பிறகு முழுதாகத் தோயுங்கள். அலசாமல் விட்டால் கறை போன இடம் தண்ணீர் குடிக்கும் இடமாகிவிடும். மஞ்சள் கறை தோய்த்தும் மங்கலாக நின்றால் வெயிலில் சில மணிநேரம் காயவிடுங்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக வெளிறும். லிப்ட் இயந்திரத்தின் கறுப்புக் கிரீஸ் மோசமானது. தேய்த்தால் பரவும், முதலில் கரண்டி விளிம்பால் வழித்தெடுத்து, சமையல் தாளால் ஒற்றி, அப்புறம்தான் திரவம். வெளிர் நிற ஜக்கெட்டில் முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெட்ரோல், தின்னர் எதையும் தொடாதீர்கள், சவ்வை ஒட்டியிருக்கும் பசை கரைந்துவிடும்.

உள்ளே இறகு உள்ள ஜக்கெட்?

தோய்க்கலாம், இறகுக்கென்று விற்கும் சவர்க்காரத்தில். தோய்ப்பதைவிடக் காயவைப்பதுதான் வேலை: குறைந்த சூட்டில் டிரையரில் சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு மூன்று சேர்த்துப் போட்டு, இடையிடையே எடுத்துக் கையால் கட்டிகளை உதிர்த்து, இரண்டு மூன்று மணிநேரம்கூட ஆகும். விரலால் நசுக்கிப் பார்த்துக் கட்டி தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே அலுமாரியில் வைத்தால் நாறும்.

ட்ரை கிளீனிங் கொடுக்கலாமா?

லேபல் வெளிப்படையாக அனுமதிக்காவிட்டால் வேண்டாம்.

கையுறை, சப்பாத்துக்கு உள்ளே இருக்கும் லைனர்?

தோல் சேர்ந்த கையுறை மெஷினுக்கு ஆகாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையில் போட்டபடியே கைகழுவுவது போலத் தேய்த்து, பிழியாமல் அழுத்தி எடுத்து, விரல் மேலே பார்க்க நிறுத்திக் காயவையுங்கள். காய்ந்ததும் தோலுக்கு மெழுகு பூசாவிட்டால் வெடிக்கும். சப்பாத்து லைனரை ஒவ்வொரு நாளும் வெளியே இழுத்து அறை வெப்பத்தில் காயவிடுங்கள். ஹீட்டரில் வைத்தால் வடிவம் மாறும், அடுத்த நாள் பிள்ளை கால் வலி என்று அழும்.

ரெக்கோ தகடு தோய்த்தால் கெடுமா?

பனிச்சரிவில் புதைந்தவரை மீட்புக் குழு கண்டுபிடிக்க உதவும் அந்தச் சின்னத் தகட்டில் பற்றரி கிடையாது, வந்த சிக்னலைத் திருப்பி அனுப்பும் அவ்வளவுதான். அப்படியே தோய்க்கலாம்.

ஸ்கீ விளிம்பு காற்சட்டைக் காலை வெட்டிவிட்டது. தைக்கலாமா?

தைத்தால் ஊசித் துளை எல்லாம் தண்ணீர் போகும் வழி. தானாக ஒட்டும் ஒட்டுத்துண்டு வாங்குங்கள். இடத்தைத் தோய்த்துக் காயவைத்து, மருந்துக்கடை அல்கஹோலால் துடைத்து, துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டி (கூரான மூலைதான் முதலில் உரியும்), வெட்டைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்கும்படி வைத்து அழுத்தி ஒரு நாள் விடுங்கள். பெரிய கிழிசல் என்றால் உள்ளேயும் வெளியேயும் இரண்டு துண்டு.

உட்புறம் வெள்ளையாகச் செதில் செதிலாக உரிகிறது. இதற்கு என்ன வழி?

வழி இல்லை. மலிவான ஜக்கெட்டுகளில் சவ்வுக்குப் பதிலாகப் பொலியூரதேன் பூச்சு இருக்கும். ஈரமும் காலமும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும், அதற்கு எந்த ஸ்ப்ரேயும் மருந்தல்ல. பழைய உடுப்புக் கடையிலோ இலையுதிர்காலத்தில் நடக்கும் பழைய ஸ்கீச் சந்தையிலோ வாங்கும்போது இதைத்தான் முதலில் பாருங்கள்: ஜக்கெட்டை உட்புறம் திருப்பி, ஹூட்டுக்கும் முதுகுக்கும் இடையிலான தையலில் ஒட்டுநாடா கழன்றிருக்கிறதா, கையால் கசக்கினால் பிசுபிசுக்கிறதா, அக்குளில் குமிழி போலப் பொங்கி நிற்கிறதா என்று. இவை இருந்தால் பத்துப் பிராங்குக்குக்கூட வேண்டாம். அழுக்கும் நனைதலும் மட்டும்தான் குறை என்றால் பேரம் பேசி எடுத்துவிடுங்கள், வீட்டில் சரிசெய்யலாம்.

கோடையில் எப்படி வைப்பது?

தோய்த்து, முழுதாகக் காயவைத்து, ஜிப்பை மூடி அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். சலவைக் கடைப் பொலித்தீன் பைக்குள் போட்டால் மிச்ச ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்தித் தலையணை உறை ஒன்றைத் தலைகீழாக மாட்டினால் தூசியும் படாது. இடம் இல்லை என்று நிலக்கீழ் அறையில் வைப்பவர்கள், அங்கே பூஞ்சை மணம் அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடித்தால் படுக்கையறை அலுமாரியின் ஒரு மூலைதான் நல்லது. காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பையில் இறகு ஜக்கெட்டை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். வளரும் பிள்ளையின் ஜக்கெட் என்றால் உள்ளே வைக்கும் முன் கை நுனிக்குள் பாருங்கள், சில பிராண்டுகளில் ஒரு நிறத் தையல் இருக்கும், அதைப் பிரித்தால் கை ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும், இன்னொரு குளிர்காலம் ஓட்டலாம்.